இழுத்தால் வெளுக்கும் ரப்பர்: உடலில் அணியும் உணரிகள் பற்றி நம் கரையில் கேட்கப்படும் கேள்விகள்

பாலிமர் வேதியியல் படித்து, அதையே பாடமாக நடத்துகிறவன் நான். மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று இந்தப் பக்கம் எங்கே பேசப் போனாலும் மாணவர்களைவிடக் கூட வந்தவர்கள்தான் நல்ல கேள்வி கேட்கிறார்கள். இழுத்தால் ஒளிபுகும் தன்மை மாறுகிற ரப்பர் படலங்கள், அவற்றை உடம்பில் கட்டி உணரியாக (சென்சாராக) ஆக்குவது பற்றி வந்த கேள்விகளையும் பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். வேண்டியதை மட்டும் படிக்கலாம். தண்ணீர் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதலில், இது என்ன பொருள்?

மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலம். சும்மா வைத்திருக்கும்போது அதன் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் வெளுத்துப்போய் எழுத்து மறையும். விட்டால் பழையபடி தெளியும். சில வகைகளில் இது தலைகீழ்: முதலில் மங்கல், இழுத்தால் தெளிவு. எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்தே எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். விரல் மூட்டிலோ முழங்காலிலோ மார்பைச் சுற்றியோ கட்டினால், மூட்டு மடங்குவதும் மூச்சு ஏறி இறங்குவதும் படலத்தில் தெரியும்.

சாயம் எதுவும் சேர்க்காமல் எப்படி வெளுக்கிறது?

தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை மெதுவாக வளைத்துப் பாருங்கள். உடைவதற்குச் சற்று முன் வளைவில் வெள்ளைக் கோடு விழும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் திறந்து, அவற்றில் பட்டு ஒளி சிதறுவதால் வரும் வெள்ளை அது. ஸ்கேலில் விழுந்த கோடு விழுந்ததுதான். ரப்பரில் இடைவெளி மறுபடி மூடிக்கொள்ளும், வெள்ளையும் போய்விடும்.

கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால், எல்லாம் ஒளிவிலகல் எண்ணில்தான் இருக்கிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது இரண்டின் எண்ணும் நெருக்கமாக இருந்தால் அங்கே ஓர் எல்லை இருப்பதே அதற்குத் தெரியாது, நேராகப் போய்விடும். எண்கள் விலக விலக, திரும்புவதும் சிதறுவதும் கூடும். சிலிக்கோன் ரப்பரின் எண் சுமார் 1.41. சிலிக்கா மணிகளின் எண் சுமார் 1.45. ஆகவே சில நூறு நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணிகளை ரப்பருக்குள் பதித்தாலும் படலம் தெளிவாகவே இருக்கும். இழுத்தால் ரப்பர் நீளும், மணி நீளாது. மணியின் இரண்டு முனையிலும் ரப்பர் விலகி ஒரு குட்டி வெற்றிடம் விழும். வெற்றிடத்தின் எண் 1. அப்படி ஆயிரக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில் வெற்றிடங்கள் ஒரே நேரத்தில் திறந்தால் படலம் வெளுக்காமல் என்ன செய்யும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஷூ யாங் குழு 2015-ல் வெளியிட்ட ‘ஸ்மார்ட் ஜன்னல்’ படலம் இந்த உள் வெற்றிட வகைதான். இழுக்காதபோது 90 சதவீதத்துக்கு மேல் ஒளியை விட்ட படலம், நன்றாக இழுத்தபோது 30 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அவர்கள் நினைத்தது கட்டடங்களின் ஜன்னலை. உடம்பில் கட்டும் யோசனைக்கும் அதே வேதியியல் போதும்.

எல்லாமே இந்த வகைதானா?

இல்லை. சுலபமானதிலிருந்து தொடங்கலாம். சிவப்பு பலூனை ஊதினால் வெளிறி, அந்தப் பக்கம் இருப்பது மங்கலாகத் தெரியும். ரப்பர் மெலிகிறது, ஒளி கடக்கும் வழியில் இருக்கும் சாயம் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் இழுத்தால் இதில் பெரிய மாற்றம் வராது. ஒரே திசையில் 40 சதவீதம் நீட்டினாலும் படலத்தின் தடிமன் 85 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும்.

இரண்டாவது, சுருக்க வகை. ரப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் மேற்பரப்பை ஆக்சிஜன் பிளாஸ்மாவாலோ புற ஊதா ஒளியாலோ கெட்டிப்படுத்திவிட்டு, பிறகு விட வேண்டும். ரப்பர் சுருங்கும், மேலே இருக்கும் கெட்டித் தோல் சுருங்க இடமில்லாமல் நுண்ணிய மடிப்புகளாக நெளியும். மடிப்பில் ஒளி சிதறுவதால் படலம் மங்கலாக இருக்கும். இழுத்தால் மடிப்பு நிமிர்ந்து தெளிவாகும். செய்வது எளிது, பார்க்கவும் அழகு. கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்குவது பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது, விரிசல் வகை. 2016-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் லூயி சன் குழு, பாலிவினைல் ஆல்கஹாலும் ஒருவகைக் களிமண்ணும் கலந்த மெல்லிய மேல்பூச்சைச் சிலிக்கோன் மேல் ஒட்டியது. இழுத்தால் பூச்சில் விரிசல் திறக்கும், மங்கும், விட்டால் மூடும். 2020-ல் தென் கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். கார்பன் நானோகுழாய் பூசிய கருப்பு ரப்பர். இழுத்தால் கருப்புப் பூச்சில் நுண்விரிசல் திறந்து அதன் வழியாக வெளிச்சம் கூடுதலாக வரும். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளி அளக்கும் டையோடு. இதை உடலில் அணியும் உணரியாகவே செய்து காட்டினார்கள்.

கணவாய் நிறம் மாறுகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. பாம்பனில் வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த ஊசிக்கணவாயைக் குனிந்து கிட்டப் பாருங்கள். வெளிறிய தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் மிளகளவு விரியும், உடனே ஊசிமுனையாகச் சுருங்கும், பக்கத்தில் இன்னொரு கூட்டம் விரியும். கூடையில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் தோல் இப்படித் துடித்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு புள்ளியும் நிறமி நிறைந்த ஒரு மீள்தன்மையுள்ள பை. அதைச் சுற்றி ஆரக்கால்களாகத் தசைகள். தசை இழுத்தால் பை தட்டையாக விரிந்து தோல் கருக்கும். தசை விட்டால் பை தன் மீள்தன்மையாலேயே சுருங்கி, தோல் வெளிறிக் கண்ணாடியாகும். ஆக, இழுவிசையால் ஒளிபுகும் தன்மையை மாற்றும் மீள்பொருளை நம் கடலே ரொம்ப காலமாக வைத்திருக்கிறது. கனெக்டிகட் குழு தங்களுக்குத் தூண்டுதல் கடல் உயிரினங்களின் தோல் என்றே எழுதியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அலோன் கொரொடெட்ஸ்கி குழு, கணவாய்த் தோலைப் பார்த்து அகச்சிவப்பு ஒளியைத் திருப்பும் விதம் மாறக்கூடிய படலத்தை 2018-ல் செய்தது.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கணவாய் தானாக இழுக்கிறது. நம் படலத்தை உடம்பு இழுக்கிறது. அது காட்டும், இது அளக்கும்.

“தம்பி, தண்ணிக்குள்ள இறங்குனா இது வேலை செய்யுமா?”

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற ஒரு அக்கா கேட்டது. இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்பேன்.

வெள்ளை வேட்டி காய்ந்திருக்கும்போது உடம்பை மறைக்கும். நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். நூலுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. காற்றின் எண் 1, தண்ணீரின் எண் 1.33. நூலின் எண்ணுக்குத் தண்ணீர் நெருக்கம் என்பதால் சிதறல் குறைந்துவிடுகிறது.

சுருக்க வகைப் படலத்துக்கு நடப்பது அட்சரம் பிசகாமல் இதேதான். காற்றில் 1.41-க்கும் 1-க்கும் இடையே 0.41 வித்தியாசம். தண்ணீரில் அது 0.08. எல்லையில் திரும்பும் ஒளி ஏறக்குறைய இந்த வித்தியாசத்தின் இருமடிப்படி மாறும் என்பதால், கணக்குப் போட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அதாவது, கரையில் அழகாக மங்கித் தெளிந்த படலம் கடலில் இறங்கியதும் இழுத்தாலும் தெளிவு, விட்டாலும் தெளிவு. கையை மடக்கினாலும் நீட்டினாலும் ஒரே பதில். விரிசல் வகைக்கும் ஆபத்து உண்டு: விரிசலுக்குள் தண்ணீர் போகும், அதோடு பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரில் ஊறும்.

உள் வெற்றிட வகை தப்பித்துவிடும். அதன் மாற்றம் மேற்பரப்பில் இல்லை, வயிற்றுக்குள் இருக்கிறது. சிலிக்கோன் தண்ணீரை ஒட்டவிடாது. உப்பையும் உள்ளே விடாது. வெளியே காற்றா கடலா என்பது வெற்றிடத்துக்குத் தெரியாது. மூன்று மீட்டர் ஆழத்தில் கூடும் அழுத்தம் சுமார் 30 கிலோபாஸ்கல். ரப்பரின் விறைப்பு அதைப்போல் முப்பது மடங்குக்கு மேல். முங்கி எடுக்கும் ஆழத்தில் வெற்றிடம் நசுங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். நீராவி மட்டும் சிலிக்கோனுக்குள் மெதுவாக ஊடுருவும். நாள் கணக்கில் ஊறப்போட்டால் அதையும் யோசிக்க வேண்டும்.

ஆகவே என் பதில்: வகையைப் பொறுத்தது அக்கா. மேல்தோலில் வித்தை காட்டுவது வேலை செய்யாது, உள்ளே மாறுவது செய்யும். வியர்வையும் உப்புக்காற்றும் உள்ள இந்தக் கரைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று யார் கேட்டாலும் இந்த ஒரே அளவுகோலைத்தான் சொல்வேன்.

தேங்காய் எண்ணெய் பட்டால்?

தண்ணீரைவிட மோசம். தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, சிலிக்கோனுக்கு இன்னும் நெருக்கம். சுருக்கப் படலத்தில் ஒரு சொட்டு தடவினால் அந்த இடம் மட்டும் ஜன்னல் திறந்ததுபோல் தெளிந்துவிடும். தண்ணீராவது காயும், எண்ணெய் காயாது. கடலுக்குப் போகும் முன் கைகாலில் எண்ணெய் தடவுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

மின்சாரத்தில் வேலை செய்யும் உணரிகள் ஏற்கெனவே இருக்கின்றனவே?

இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. இழுத்தால் மின்தடை மாறும் ரப்பர்தான் இன்று அதிகம். மதுரையில் ஏசி அறையில் இருக்கும் ஒருவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். கடல் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், மின்னோட்டம் உணரியைச் சுற்றிக் குறுக்கு வழியில் போய்விடும். வெள்ளி நானோகம்பி உள்ளவை உப்பில் கறுத்து அரிக்கும்.

உப்புத் தண்ணீரையே கம்பியாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2013-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் உப்பு ஊறிய தெளிவான ஜெல்லை மின்கடத்தியாக வைத்து, ஒளிபுகும் ஒலிபெருக்கி ஒன்றையே பாடவைத்தார்கள். அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும்.

ஒளி வகைக்கும் தலைவலி இல்லாமல் இல்லை. ராமேஸ்வரம் உச்சி வெயில் எல்இடியின் வெளிச்சத்தை விழுங்கிவிடும். எல்இடியை விட்டுவிட்டு எரியவைத்து, எரியும்போது வந்த அளவிலிருந்து அணைந்தபோது வந்த அளவைக் கழிக்க வேண்டும். அல்லது கருப்புத் துணியால் மூட வேண்டும். மூடிவிட்டால் கண்ணால் பார்க்கும் வசதி போச்சு.

பேட்டரியே இல்லாமல் வெறும் கண்ணால் படிக்க முடியுமா?

முடியும். இந்தப் பொருளின் பெரிய பலமே அதுதான். படலத்துக்குக் கீழே ஒரு கருப்புக் கோடோ எண்ணோ அச்சிட்டால் போதும்: தெரிகிறதா, தெரியவில்லையா.

இதில் மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. அச்சின் மேல் படலத்தை ஒட்டியே வைத்துவிடுகிறார்கள்; பிறகு எவ்வளவு இழுத்தாலும் எழுத்து தெரிகிறது, படலம் சரியில்லை என்கிறார்கள். படலத்தில் குறையில்லை. டிரேசிங் காகிதத்தை எழுத்தின்மேல் அழுத்தி வைத்தால் படிக்கலாம், அரை அங்குலம் தூக்கினால் கலங்கிவிடும் அல்லவா? மங்கல் என்பது ஒளியை நிறுத்துவது அல்ல, திசை திருப்புவது. தூரம் கொடுத்தால்தான் திசை மாறியது தெரியும். அச்சுக்கும் படலத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தெளிவான மென்சிலிக்கோன் வையுங்கள்.

இதே காரணத்துக்காக ஆய்வகத்தில் இரண்டு அளவுகளைத் தனித்தனியாகக் குறிப்பார்கள். மொத்தம் எவ்வளவு ஒளி கடந்தது என்பது ஒன்று. கடந்ததில் எவ்வளவு 2.5 டிகிரிக்கு மேல் விலகிப் போனது என்பது மற்றொன்று. மங்கல் அளவு என்பது இதுதான், ஏஎஸ்டிஎம் டி1003 என்ற தர முறை இதைத்தான் வரையறுக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் ‘90-லிருந்து 30’ என்று பார்த்தால் எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

போன் கேமராவில் படம் எடுத்து அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் கேமரா தானே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். பக்கத்திலேயே இழுபடாத படலத் துண்டு ஒன்றை வைத்து, இரண்டையும் ஒரே படத்தில் ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு மரியாதை.

மூச்சை அளக்க வேண்டும் என்றால் எவ்வளவு இழுபட வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர் ஒருவர் ஆழ்ந்து மூச்சு இழுத்தால் மார்புச் சுற்றளவு நான்கைந்து சென்டிமீட்டர் கூடும். 90 சென்டிமீட்டர் மார்புக்கு அது வெறும் 5 சதவீதம். உள் வெற்றிட வகைப் படலம் 5 சதவீதத்தில் கண்ணுக்குத் தெரிய மாறாது. இங்கேதான் பலர் ‘சரிவராது’ என்று விட்டுவிட்டு விரிசல் வகைக்கு ஓடுகிறார்கள்.

ஓட வேண்டியதில்லை. பட்டை முழுவதையும் படலத்தால் செய்யாதீர்கள். 80 சென்டிமீட்டர் இழுபடாத துணி நாடா, நடுவில் 10 சென்டிமீட்டர் மட்டும் படலம். துணி கொடுக்காது என்பதால் 4 சென்டிமீட்டர் முழுவதையும் படலமே தாங்க வேண்டும். 10-ல் 4 என்றால் 40 சதவீதம். படலம் நன்றாக வெளுக்கும்.

இறுக்கம் எப்படி இருக்கும்? 3 சென்டிமீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் தடிமன், ரப்பரின் விறைப்பு 1 மெகாபாஸ்கல் என்று வைத்தால் இழுவிசை சுமார் 6 நியூட்டன், அதாவது அறுநூறு கிராம் எடை தொங்குவதற்குச் சமம். நாள் முழுக்க மார்பில் கட்ட அது கொஞ்சம் அதிகம். தடிமனை 0.2 மில்லிமீட்டராகக் குறைத்தால் இருநூற்றைம்பது கிராமுக்குள் வந்துவிடும்.

விரலுக்கும் முழங்காலுக்கும் இந்த வேலையெல்லாம் வேண்டாம். மூட்டின்மேல் தோலே 30 சதவீதம் அளவுக்கு நீளும்.

வெயிலைக் காட்டும் வகை உண்டாமே? கருவாடு காயவைப்பவர்களுக்கு ஆகுமா?

நீங்கள் கேட்பது இழுவிசைக்கு அல்ல, வெப்பத்துக்கு மங்கும் ஜெல். பெயர் நீளமானது: பாலி என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு. இதன் தண்ணீர்க் கரைசல் குளிர்ச்சியில் தெளிவாகவும் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெள்ளையாகவும் மாறும் என்பதை 1968-ல் ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற இருவர் விவரித்தார்கள். குளிர்ந்திருக்கும்போது பாலிமர் சங்கிலி தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சூடேறினால் தண்ணீரை உதறிவிட்டுச் சுருண்டுகொள்ளும். சுருண்ட உருண்டைகளில் ஒளி சிதறும்.

32 டிகிரி! இதை ஐரோப்பாவில் கட்டிக்கொண்டால் அர்த்தம் உண்டு. சித்திரை வெயிலில் மண்டபத்தில் கட்டினால் காலை எட்டு மணிக்கு வெளுத்தது சாயங்காலம்வரை வெளுத்தே இருக்கும். தோலின் சூடே 33, 34 டிகிரி. அக்ரிலமைடு போன்ற தண்ணீர் விரும்பும் மூலக்கூறைச் சேர்த்து இந்த வரம்பை மேலே தூக்கலாம், அது முடிகிற காரியம். ஆனால் உப்பு பட்டால் வரம்பு மறுபடி கீழே இறங்கும். கடல் தண்ணீரில் உள்ள அளவு உப்பே பல டிகிரி இறக்கிவிடும். ஆகவே ஜெல்லை உப்பு புகாத உறைக்குள் அடைக்க வேண்டும். சிலிக்கோன் உறை உப்பை நிறுத்தும், நீராவியை விட்டுவிடும், ஜெல் நாளடைவில் காயும்.

இன்னொன்று: தோலின் சூடு உடம்பின் உள்சூடு அல்ல. வெயில் மயக்கம் வருமா என்பதை இந்தப் பட்டையை நம்பி முடிவு செய்யக் கூடாது. நிழலும் தண்ணீரும்தான் மருந்து.

கட்டினால் வேர்க்குரு வராதா?

வரும், அகலமாக ஒட்டினால். சிலிக்கோன் நீராவியை ஓரளவு விடும் என்றாலும் நம் ஊர் வியர்வைக்கு அது காணாது. ஒட்டுப் பசையும் ஈரத் தோலில் நிற்காது. படலத்தை நேரே தோலில் ஒட்டாமல் பருத்தித் துணிப் பட்டையில் ஜன்னல் வெட்டி அதில் தைப்பதுதான் உத்தமம். இயற்கை ரப்பர் சிலருக்கு ஒவ்வாமை தரும், வெயிலில் வெடிக்கவும் செய்யும். விலை குறைவு என்று அதன் பக்கம் போக வேண்டாம்.

எத்தனை நாள் உழைக்கும்?

நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் நாளைக்கு 21,600 முறை இழுபடும். ஆய்வகத்தில் ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை இழுத்துப் பார்த்துவிட்டு ‘நீடித்து உழைக்கும்’ என்று எழுதுவது வழக்கம். மூச்சுப் பட்டைக்கு அது அரை நாள்கூட இல்லை. விரல் பயிற்சிக்குப் போதும்.

புதிய படலத்தை முதல் சில தடவை இழுக்கும்போது விறைப்பு குறைந்துகொண்டே வரும். முல்லின்ஸ் விளைவு என்பார்கள். துகள் கலந்த ரப்பர் எல்லாவற்றிலும் உண்டு. கட்டுவதற்கு முன்பே பல தடவை இழுத்துப் பழக்கிவிட்டுத்தான் அளவு குறிக்க வேண்டும்.

நம்ம ஊர்ப் பாசியிலிருந்து இதைச் செய்ய முடியாதா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. பாதிப் பதில் ஆம். கட்டக்கோரையிலிருந்தும் பக்கோடா பாசியிலிருந்தும் வருவது ஆல்ஜினேட். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர். தெப்பத்தில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸிலிருந்து கராஜீனன். மூன்றுமே தெளிவான ஜெல் தரும். தனியாக எடுத்தால் மூன்றும் நொறுங்கும். ஆல்ஜினேட் ஜெல் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு இழுபட்டாலே அறுந்துபோகும்.

2012-ல் ஹார்வர்டில் ஷிகாங் சூவோ குழு ஆல்ஜினேட்டையும் பாலி அக்ரிலமைடையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியது. 90 சதவீதம் தண்ணீராக இருந்தும் அந்த ஜெல் இருபது மடங்குக்கு மேல் நீண்டது. இழுக்கும்போது ஆல்ஜினேட்டைப் பிணைத்திருக்கும் கால்சியம் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விசையை வாங்கிக்கொள்ளும். பாலி அக்ரிலமைடு அறுந்துபோகாமல் பிடித்திருக்கும். நம் தென்கடலில் கிடைக்கும் பொருளுக்கு இப்படி ஒரு மதிப்பு இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

மீதிப் பாதி: கடல் தண்ணீரில் உள்ள சோடியம் அந்தக் கால்சியத்தை மெல்ல மெல்ல வெளியேற்றும், ஜெல் தளரும். பாசியில் பிறந்த ஜெல் கடலுக்குள் போனால் நிலைக்காது. கரையில் கட்டும் பட்டைக்கு அது நல்ல பொருள். பாசி வேதியியலில் ஆர்வம் இருந்தால் மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கிறது. அகமதாபாத்துக்கும் பெங்களூருக்கும் போக வேண்டும் என்பதில்லை.

கடலில் விழுந்து தொலைந்தால் என்ன ஆகும்?

சிலிக்கோனின் அடர்த்தி 1.03, கடல் தண்ணீருடையது சுமார் 1.025. மிதக்கவும் மிதக்காது, மளமளவென்று அடிக்குப் போகவும் செய்யாது. நடுத்தண்ணீரில் அலையும் தெளிவான படலம். ஆமைகள் பிளாஸ்டிக்கைச் சொறி (ஜெல்லிமீன்) என்று நினைத்துத் தின்பது தெரிந்த விஷயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. கயிறு கட்டாமல் ஒரு துண்டைக்கூட அங்கே கொண்டுபோகக் கூடாது என்பது என் நிபந்தனை. அடர்ந்த நிற நாடாவில் தைத்துவிடுங்கள்.

பாசி எடுக்கும் பெண்களுக்கு இதனால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

இன்றைக்கு இல்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் கைவைக்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது கிழியாத கையுறை, நல்ல முகக்கண்ணாடி, அடிபட்டால் போக அருகில் ஒரு மருத்துவமனை. உணரி அதற்குப் பிறகு.

பிறகு என்று வரும்போது, முங்கி ஏறியவரின் மூச்சு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெண் கண்ணால் பார்க்கக்கூடிய பட்டை பயன்படலாம். பேட்டரி வேண்டாம், போன் வேண்டாம், தகவல் கரைக்குப் போகாது. இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியம். ஒரு பெண் காலையிலிருந்து எத்தனை முறை முங்கினாள் என்ற கணக்கு பாசி வாங்கும் வியாபாரியின் போனுக்குப் போகுமானால், அந்தக் கருவி யாருக்காகச் செய்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

கரையில் கை ஒடிந்து கட்டுப் பிரித்தவர்களின் விரல் பயிற்சிக்கும், யானைக்கால் வீக்கத்துக்குச் சுற்றும் அழுத்தக் கட்டு சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இது அதைவிடச் சீக்கிரம் உதவும் என்று நினைக்கிறேன். இழுத்தால் நிறம் மாறும் இழைகளை அழுத்தக் கட்டில் நெய்து எம்ஐடி ஆய்வாளர்கள் 2018-ல் காட்டியிருக்கிறார்கள். கட்டு கட்டுகிறவருக்கு அதில் எண்ணே வேண்டாம், நிறத்தைப் பார்த்தால் போதும்.

கல்லூரி பிராஜெக்ட்டாகச் செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

சில்கார்டு 184 போன்ற இரண்டு பாகச் சிலிக்கோன். பத்துக்கு ஒன்று என்ற எடை விகிதம். கலக்கும்போது வரும் குமிழ்களை வெற்றிடப் பம்பில் எடுக்கவும். பம்ப் இல்லையென்றால் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலானவை தாமே ஏறி உடைந்துவிடும். 100 டிகிரியில் 35 நிமிடம், அல்லது அறை வெப்பத்தில் இரண்டு நாள். சிலிக்கா மணி கலக்குவதற்கு முன் வெறும் ரப்பரில் கைபழகுங்கள். சிலிக்காத் தூளை முகமூடி இல்லாமல் கொட்டக் கூடாது. அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. ஜெல் வகையை வீட்டில் தொடவே வேண்டாம், ஆசிரியர் இருக்கும் ஆய்வகத்தில் மட்டும்.

படலம் கெட்டியாகாமல் பிசுபிசுவென்றே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கையுறையைத்தான். சாதாரண ரப்பர் கையுறையில் கந்தகம் இருக்கும். இந்தச் சிலிக்கோனைக் கெட்டியாக்கும் பிளாட்டினம் வினையூக்கியை அது முடக்கிவிடும். கந்தகம் இல்லாத நைட்ரைல் கையுறையோ வினைல் கையுறையோ போட்டுக்கொள்ளுங்கள். கலக்கிய குச்சியும் கிண்ணமும்கூட முன்பு ரப்பர் பட்டதாக இருக்கக் கூடாது.